டோன்ஆர்ம் மாற்றிய பிறகு சத்தம் கெட்டுவிட்டதா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கிச் செல்லும் கையான டோன்ஆர்மைப் புதிதாகப் பொருத்திய அன்றே, பழையதைவிட மோசமாகக் கேட்பது ரொம்ப சகஜம். ஆர்ம் சரியில்லை என்று முடிவுகட்டி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆர்ம் நல்லதாகத்தான் இருக்கும். பொருத்தியதில் எங்கோ ஒரு மில்லிமீட்டர் தவறியிருக்கும், அல்லது ஒரு ஒயர் இடம் மாறியிருக்கும். எது தவறியது என்பதைக் காதில் விழும் குறையே காட்டிக்கொடுத்துவிடும்.

உதாரணத்துக்கு ரேகா (Rega) நிறுவனத்தின் ஆர்ம்களை அதிகம் எடுத்துக்கொள்கிறேன். 1983-ல் வந்த ஆர்பி300, அதையடுத்து வந்த மலிவுப் பதிப்பான ஆர்பி250 இரண்டும் இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு மாற்று ஒயர், மாற்று கவுன்டர்வெயிட் (ஆர்மின் பின்முனையில் மாட்டும் எடைக்கட்டி) எல்லாம் கிடைக்கும். டெக்னிக்ஸ், எஸ்எம்இ ஆர்ம் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்.

கையில் இருக்க வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, கண்ணாடியில் அச்சிட்ட அலைன்மென்ட் புரோட்ராக்டர் (முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அளவுத் தகடு), மூக்கு மெலிந்த ட்வீசர், மல்டிமீட்டர், டார்ச், ரசமட்டம். அப்புறம், உங்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த, அதிகம் ஓடாத ஒரு ரெக்கார்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள். மூன்றை ஒன்றாகத் திருகினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

எதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய தூரம்

ரெக்கார்டின் நடுத்துளைக்குள் நிற்கும் தண்டான ஸ்பிண்டிலின் நடுவிலிருந்து ஆர்ம் திரும்பும் மையம் வரையுள்ள தூரம்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். பழைய ரேகா ஆர்முக்கு இது 222 மி.மீ. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-க்கு 215. எஸ்எம்இ சீரிஸ் ஃபைவ் ஆர்முக்கும் கிட்டத்தட்ட அதே 215தான். டெக்னிக்ஸில் எஸ்எம்இ மாட்டப் பலர் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். முள்ளை முன்னும் பின்னும் நகர்த்த, ஆர்மின் முன்முனையான ஹெட்ஷெல்லில் நீளத் துளை இருக்கிறது. அடிப்பகுதியை நகர்த்த எஸ்எம்இ-யில் சறுக்குப் பலகை உண்டு, ரேகாவில் கிடையாது. பலகையில் துளை தப்பாகப் போட்டுவிட்டால் பிற்பாடு திருத்துவது பெரும்பாடு. அதனால் மற்ற எதையும் தொடும் முன் இந்தத் தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். கீழே வரும் முதல் பிழை இந்த எண்ணில் வந்து முடியலாம்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு

முதல் பாட்டு தேன் மாதிரி ஓடும். கடைசிப் பாட்டில் பாடகியின் ‘ஸ’ சீறும், ஜால்ரா சத்தம் சிதறும். ஆர்ம் மாற்றியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான்.

உள்ளே போகப் போக முள்ளுக்கு வேலை கடினமாவது இயல்பு. 33⅓ சுழற்சியில் எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளைக் கடந்து ஓடும் வேகம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதாவது, வெளியே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைக்கு 51 மைக்ரான் இடம் இருந்தது. உள்ளே வெறும் 21 மைக்ரான்தான். உருண்டை முனை முள் அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் சரியாக இறங்காது. இதில், முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாகவும் இருந்துவிட்டால் சிதறல் பல மடங்காகும்.

ஆர்ம் வளைந்து நகர்கிறது. பள்ளம் வெட்டிய கட்டரோ நேர்கோட்டில் நகர்ந்தது. அதனால் முள் பள்ளத்துக்குச் சரியாக நேராக நிற்பது இரண்டே இடத்தில்தான். அந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் உண்டு. பேர்வால்ட் கணக்குப்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் கணக்கில் உள்புள்ளி 60.3 மி.மீ.-க்கே போய்விடுகிறது. ரேகா ஆர்மின் சொந்த வடிவியல் ஸ்டீவன்சனை ஒட்டியது. உள்பக்கக் கரகரப்பு உறுத்துகிறவர்களுக்கு அது அனுகூலம்தான், ஆனால் நடுப்பகுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். என் காதுக்கு எல்பியில் பேர்வால்ட் பிடிக்கிறது. லேபிள் வரை பாட்டு நெருங்கிப் போகும் தட்டுகளே அதிகம் வைத்திருப்பவர் ஸ்டீவன்சனுக்குப் போகலாம்.

சரிபார்ப்பது இப்படி. புரோட்ராக்டரை ஸ்பிண்டிலில் மாட்டி, ரெக்கார்டைச் சுழற்றும் பிளாட்டர் அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் அமைப்பான ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள்ளை உள்புள்ளியில் இறக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முள்ளின் முனையும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் புள்ளியில் ஒன்றாகச் சேர வேண்டும். கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக ஓட வேண்டும். முடிந்தால் முள் பொருத்தியிருக்கும் மெல்லிய குச்சியான கான்டிலீவரையே கோட்டோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் சில கார்ட்ரிட்ஜ்களில் உடம்பு நேராக இருந்தாலும் கான்டிலீவர் சாய்ந்திருக்கும். அப்புறம் வெளிப்புள்ளிக்குப் போய் அதே சோதனை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கலையும். இரண்டும் ஒத்துவரும் வரை மாறி மாறிப் பார்க்க வேண்டியதுதான். பொறுமை வேண்டும், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

எவ்வளவு நகர்த்தியும் இரண்டு புள்ளியும் ஒத்துவராமல் ஹெட்ஷெல் துளை முடிந்துபோகிறதா? திரும்ப அந்த முதல் அளவுக்குப் போங்கள். மவுன்ட் தூரம்தான் தவறியிருக்கிறது. வில் வடிவக் கோடு போட்ட புரோட்ராக்டர் வைத்திருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கென்றே வரைந்தது. 215-க்கான வில்லை வைத்து 222 ஆர்மைச் சரிசெய்ய முடியாது.

அலைன்மென்ட் பக்காவாக இருந்தும் கரகரத்தால், எந்தச் சேனலில் என்று கேளுங்கள். வலது சேனலில் மட்டும் என்றால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை. ஓடும் தட்டு ஆர்மை உள்நோக்கி இழுக்கிறது. முள் உள்சுவரில், அதாவது இடது சேனலில், அழுந்தி, வலது சேனல் இருக்கும் வெளிச்சுவரில் பிடி தளர்ந்துவிடுகிறது. இடது சேனலில் மட்டும் என்றால் ஆன்டி-ஸ்கேட் அதிகம். பள்ளமே இல்லாத வழவழப்பான தட்டில் முள்ளை வைத்து, ஆர்ம் நகராமல் நிற்கும்படி ஆன்டி-ஸ்கேட் வைக்கச் சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. பாட்டு ஓடும் பள்ளத்தின் உராய்வு வேறு, வழவழப்புத் தட்டின் உராய்வு வேறு.

இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி கரகரத்தால் முள்ளின் எடையை, அதாவது முள் தட்டை அழுத்தும் எடையைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வைப்பதே நல்லது. ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள், 1.8-க்குக் கீழே இறங்க வேண்டாம். எடை குறைந்தால் ரெக்கார்டு பிழைக்கும் என்று நினைப்பது தப்பு. பள்ளத்தில் நிற்க முடியாமல் துள்ளும் முள்தான் சுவரைச் செதுக்கும்.

அதன் பிறகும் கரகரத்தால், ஐயம் தட்டின் மேல்தான். நம் வீடுகளில் தலைமுறை தாண்டி வந்த சினிமா ரெக்கார்டுகளில் பல, செராமிக் கார்ட்ரிட்ஜ் போட்ட பெட்டி ரெக்கார்டு பிளேயரில் கனமான முள்ளின் கீழ் வருஷக்கணக்கில் ஓடியவை. உட்பள்ளம் தேய்ந்திருந்தால் எந்த ஆர்மும் அதைத் திருப்பித் தராது. மெல்லிய முனை முள், தேயாத ஆழத்தைத் தொட்டு ஓரளவு காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

‘உம்ம்’ என்று ஹம்

ஆம்புக்கு முன்னால் வரும் பெருக்கியான ஃபோனோ ஸ்டேஜ், எம்எம் (காந்தம் அசையும்) கார்ட்ரிட்ஜின் சிக்னலைச் சுமார் 100 மடங்கும், எம்சி (காயில் அசையும்) என்றால் 1000 மடங்கு வரையும் பெருக்குகிறது. டெனான் டிஎல்-103 என்ற எம்சி கார்ட்ரிட்ஜ் தருவது 0.3 மில்லிவோல்ட். அவ்வளவு சின்ன சிக்னலோடு 50 ஹெர்ட்ஸ் கரன்ட் வாடை துளி சேர்ந்தாலும் ஸ்பீக்கரில் உறுமல்தான்.

ஆர்மின் உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். தொட்டதும் ஹம் குறைந்தால், ஆர்ம் குழாய்க்கு எர்த் கிடைக்கவில்லை. ரீ-ஒயர் செய்த பழைய ரேகா ஆர்மில் இது அடிக்கடி நடக்கும். அதன் ஃபேக்டரி ஒயரிங்கில் தனி எர்த் ஒயரே கிடையாது. குழாய் இடது சேனலின் கிரவுண்டு வழியாகத்தான் எர்த் ஆகிறது. புது ஒயர் இழுத்தவர் அந்தப் பழைய இணைப்பை எடுத்துவிட்டுத் தனி எர்த் கொடுக்க மறந்தால், குழாய் அந்தரத்தில் நிற்கும். தனி எர்த்தும் கொடுத்து, பழைய இணைப்பையும் விட்டுவைத்தால் லூப் உருவாகி, ஹம் வேறு ரூபத்தில் வரும். ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரால் குழாய்க்கும் எர்த் முனைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா பாருங்கள். குழாயின் மேல் பூச்சில் புரோபை வைத்தால் ஒன்றும் காட்டாது, பூச்சில்லாத திருகிலோ வெற்று உலோகத்திலோ வையுங்கள். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது மீட்டரை அதன் பின்களில் வைக்கவே கூடாது. எம்சி காயில் தலைமுடியைவிட மெல்லியது, மீட்டரின் கரன்ட் அதற்கு ஆகாது.

ஒரே சேனலில் ஹம் என்றால் அந்தச் சேனலின் கிரவுண்டு ஒயர் விட்டுப்போயிருக்கிறது: இடது என்றால் நீலம், வலது என்றால் பச்சை. ஆர்ம் உள்ளே நகர நகர ஹம் ஏறினால் எர்த்தைத் துழாவ வேண்டாம், கார்ட்ரிட்ஜ் மோட்டாரின் காந்தப்புலத்தை வாங்குகிறது. ஷீல்டு இல்லாத கிராடோ கார்ட்ரிட்ஜைப் பழைய ரேகா டர்ன்டேபிளில் போட்டால் வரும் பேர்போன தொல்லை இது. கார்ட்ரிட்ஜை மாற்றுவதுதான் சுலபமான தீர்வு.

ஹம் போக வேண்டும் என்று ஆம்பிளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஹம் போகலாம், ஆனால் பெட்டியில் கரன்ட் கசிந்தால் ஆளே போய்விடுவார்.

ஒரு பக்க ஸ்பீக்கர் பேசவில்லை, அல்லது குரல் நடுவில் நிற்கவில்லை

ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் இடது வலது பிளக்கை மாற்றிச் செருகுங்கள். குறை பக்கம் மாறினால் அது டர்ன்டேபிளில் இருக்கிறது. மாறாவிட்டால் ஆம்ப், ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். டர்ன்டேபிள் என்று உறுதியானால் ஹெட்ஷெல்லில் வெள்ளை-நீலம் ஜோடியையும் சிவப்பு-பச்சை ஜோடியையும் இடம் மாற்றிக் கேளுங்கள். இப்போது குறை மறுபக்கம் போகாமல் அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஆர்ம் ஒயர் குற்றவாளி, மறுபக்கம் தாவினால் கார்ட்ரிட்ஜ்.

கிளிப்பை ட்வீசரால் பிடித்து நேராகத்தான் செருக வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் சோல்டர் விட்டுவிடும். கிளிப் தளர்வாக இருந்தால் அதைக் கழற்றி லேசாக நசுக்குங்கள். கார்ட்ரிட்ஜ் பின்னில் நேரடியாகச் சோல்டர் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் காயில் சூட்டில் போய்விடும். கழற்றி மாட்டும் ஹெட்ஷெல் உள்ள ஆர்மில், கழுத்துக்குள் இருக்கும் நான்கு பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் பேசுகிறது, ஆனால் பேஸ் மெலிந்து, பாடகர் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவி நிற்கிறார் என்றால், ஒரு சேனலில் மட்டும் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கிறது. ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். பேஸ் இன்னும் காணாமல் போனால் சந்தேகமே வேண்டாம். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ்.

வூஃபர் காகிதம் துடிக்கிறது, வளைந்த தட்டில் முள் எகிறுகிறது

ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஜோடி சேரவில்லை. ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (என்னவென்று கீழே சொல்கிறேன்), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றின் எடையையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (முள் எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். கிடைப்பது ஜோடியின் ஒத்ததிர்வு, ஹெர்ட்ஸில். 8 முதல் 12-க்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே தட்டின் வளைவு ஆர்மை ஆட்டும், அதற்கு மேலே போனால் பாட்டின் பேஸையே அது தொடும்.

ஆர்பி300-க்கு 11 கிராம், 2எம் ரெட் 7.2, திருகு 1 என்று வையுங்கள்: 19.2. கம்ப்ளையன்ஸ் 20. பெருக்கினால் 384, மூலம் 19.6, விடை 8.1 ஹெர்ட்ஸ். தேறிவிட்டது. அதே கார்ட்ரிட்ஜை 20 கிராம் எஃபெக்டிவ் மாஸ் உள்ள கனத்த ஆர்மில் மாட்டினால் 6.7-க்கு இறங்கி, வூஃபர் துடிக்கத் தொடங்கும். ‘கனமான ஆர்ம் உசத்தி’ என்று நம்பி வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிஎல்-103-க்குக் கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. இந்தக் கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃபெக்டிவ் மாஸ் என்பது ஆர்மைத் தராசில் வைத்தால் வரும் எடை அல்ல. அசையும்போது முள் உணரும் பாரம். கனமான கவுன்டர்வெயிட்டைத் திரும்பும் மையத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் குறையவே செய்யும். ஆர்பி250-க்கு விற்கும் மாற்று வெயிட்டுகளின் பயன் இதில் இருக்கிறது. அதன் பின்முனைக் கட்டை பிளாஸ்டிக் என்பதால், அதை உலோகத்துக்கு மாற்றுவதும் செலவுக்குத் தகுந்த மேம்பாடு.

கீழே தொங்குகிற மாதிரி வரும் வெயிட்டைப் போட்டால் ஒரு எச்சரிக்கை. ஆர்மின் உயரம் மாறினால் முள்ளின் எடையும் மாறும். தராசின் தட்டு ரெக்கார்டு மேற்பரப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தராசு ஒன்று சொல்லும், தட்டில் வேறொன்று நடக்கும்.

எல்லா ரெக்கார்டும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது

ஒரு தட்டில் மட்டும் என்றால் கீறல். எல்லாத் தட்டிலும் நடுப்பகுதியில் என்றால் ஆர்மை ஏதோ தடுக்கிறது. முள்ளுக்கு உறை போட்டு, கவுன்டர்வெயிட்டால் ஆர்மை அந்தரத்தில் மிதக்க விட்டு, ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யமாக்கி, வாயால் மெதுவாக ஊதுங்கள். ஓரத்திலிருந்து லேபிள் வரை வழுக்கிப் போக வேண்டும். ஓர் இடத்தில் நின்று திரும்பி வந்தால், பெரும்பாலும் ரீ-ஒயரில் போட்ட விறைப்பான ஒயர் ஸ்பிரிங் மாதிரி பின்னால் இழுக்கிறது. ஒயர் ஆர்மிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு தளர்வான வளையம் விட்டு முடிச்சிடுங்கள்.

ஆர்மின் உயரத்தைக் கூட்டிக் குறைத்திருந்தால் லிஃப்ட் பட்டையையும் பாருங்கள். லிவரைக் கீழே இறக்கியும் பட்டை குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஓடும்போது குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் இடைவெளி தெரிய வேண்டும். புது வெயிட் நீளமாக இருந்து பின்பக்க மூடியில் இடிப்பதும் உண்டு.

ஒலி மங்கலாக, அல்லது கூர்மையாகக் காதைக் குத்துகிறது

ஆர்மின் உயரம்தான் காரணம் என்று எல்லோரும் முதலில் அதையே திருகுவார்கள். கணக்கைப் பாருங்கள்: 237 மி.மீ. நீள ஆர்மில் முள்ளின் கோணம் ஒரு டிகிரி மாற, பின்பக்கம் சுமார் 4 மி.மீ. ஏற வேண்டும். கால் மில்லிமீட்டருக்குச் சொர்க்கம் தெரிந்தது என்று சொல்வதை நான் நம்பத் தயாரில்லை. ஓடும் ரெக்கார்டில் ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாக இருக்கட்டும், போதும். ரேகா குழாய் முன்நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் குழாயைப் பார்த்து ஏமாறாதீர்கள், கார்ட்ரிட்ஜின் மேல்மட்டத்தைத் தட்டோடு ஒப்பிடுங்கள். மங்கலுக்கு அடிக்கடி காரணம் தளர்ந்த கார்ட்ரிட்ஜ் திருகு, இறுகாத மவுன்ட் நட்டு, அல்லது முள்நுனியில் கம்பளி மாதிரி சேர்ந்த தூசி. எம்எம் கார்ட்ரிட்ஜில் ஒயரின் கெபாசிடன்ஸும் பார்க்க வேண்டும்; 2எம் ரெட்டுக்கு ஆம்பும் ஒயரும் சேர்த்து 150 முதல் 300 பிகோஃபாரடுக்குள் இருக்கட்டும்.

பேரிங் ஆடுகிறதா?

முள் உறையைப் போட்டுவிட்டு, ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் இம்மி அசைத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்துவிட்டது. ஒலியில் அது பியானோவின் நீண்ட சுரம் நடுங்குவதாகக் கேட்கும். சில ஆர்ம்களில் இதை வெளியிலிருந்து திருகி இறுக்கலாம், ஆனால் கால் சுற்று கூடினாலும் பேரிங் நசுங்கி ஆர்ம் ஒட்டும். ரேகா ஆர்மின் பேரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். அதை இறுக்கத்தோடு தொழிற்சாலையில் பொருத்தியிருப்பார்கள், வீட்டில் திரும்பச் சேர்க்க முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஆட்டம் இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.